சைலன்ட்டில் போட்டால் மட்டும் போதாது

போன வாரம் நடந்தது. இரண்டாம் காட்சி முடிந்து மேடை முழுக்க இருட்டு. நாலே விநாடிக்குள் நடிகை மூன்று படி இறங்கிப் பக்கத்திரைக்குப் பின்னால் போயாக வேண்டும். படி விளிம்பில் ஒட்டியிருக்கும் ரேடியம் டேப்பின் மங்கலான பச்சைக் கோடுதான் அவருக்கு வழி. இரண்டாவது படியில் இருக்கும்போது மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு செல்போன் டார்ச் நேராக அவர் முகத்தில் அடித்தது. கோடு கண்ணிலிருந்து மறைந்துவிட்டது. குத்துமதிப்பாக வைத்த கால் பிசகி, மீதி நாடகம் முழுவதையும் வீங்கிய கணுக்காலோடு நடித்து முடித்தார். டார்ச் போட்டவர் விமர்சனம் எழுத வந்தவர். கீழே விழுந்த பேனாவைத் தேடினாராம்.

இது முதல் தடவை என்றால் எழுதியிருக்க மாட்டேன். நாடகங்களுக்கு ஒளியமைப்பதுதான் என் வேலை. அரங்கின் கடைசியில் விளக்குகளை இயக்கும் லைட் போர்டுக்குப் பின்னால் நின்றால் மேடை மட்டுமல்ல, உங்கள் எல்லோருடைய முதுகும் மடியும் எனக்குத் தெரியும். மடியில் எரியும் திரைகளில் பாதி, விமர்சனம் எழுதுகிறவர்களுடையவை.

போய்ச் சொன்னால் எல்லோரிடமும் ஒரே பதில்தான். "சைலன்ட்டில்தான் சார் போட்டிருக்கேன், பிரைட்னஸும் குறைச்சுட்டேன்." இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. சத்தம் ஒரு தொல்லை, சரி. ஆனால் நாங்கள் பயப்படுவது வெளிச்சத்துக்கு. இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். அப்படிப் பழகிய கண்ணுக்கு, நீங்கள் குறைத்து வைத்த திரைகூடக் கூசும். உங்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறவர் பார்வையில் மேடையும் உங்கள் திரையும் ஒன்றாக விழுகின்றன. கண் தானாகத் திரைக்குத்தான் போகும். மேடையிலிருந்து பார்க்கும் நடிகருக்கோ இருட்டின் நடுவே கீழிருந்து வெளிச்சம் பட்ட ஒரு முகம் தனியாகத் தெரியும். அந்த முகம் குனிந்திருக்கிறது, தன்னைப் பார்க்கவில்லை என்பதும் தெரியும். மெதுவாக அணையும் காட்சி ஒன்றுக்கு நாற்பது விநாடி எடுத்துக்கொள்கிறேன் என்றால், அதில் கடைசிப் பத்து விநாடிக்காகத்தான் இரண்டு நாள் ஒத்திகை பார்த்திருப்போம். ஒரே ஒரு திரை எரிந்தால் அந்தப் பத்து விநாடி அந்த வரிசைக்கே இல்லாமல் போய்விடும். குறைத்து வைத்தாலும் வெளிச்சம் வெளிச்சம்தான்.

ஸ்மார்ட் வாட்ச் இன்னும் மோசம். கை தட்டுவதற்குக் கையைத் தூக்கினால் போதும், எரியும். தியேட்டர் மோடு என்று ஒன்று பல வாட்சுகளில் இருக்கிறது. தேடி எடுத்துப் போடுங்கள், இல்லாவிட்டால் கழற்றிப் பைக்குள் வையுங்கள்.

வீடியோ எடுப்பது பற்றியும் சொல்ல வேண்டும். "ஒளியமைப்பு சுமார், விளக்குகள் துடித்துக்கொண்டே இருந்தன" என்று ஒரு விமர்சனம் வந்தது. விளக்குகள் துடிக்கவில்லை. எல்.இ.டி. விளக்குகள் பலவற்றை மங்கலாக்கும்போது அவை கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து அணைந்துதான் எரியும். கண் அதைச் சீரான வெளிச்சமாகப் பார்க்கும்; செல்போன் கேமரா கோடு கோடாகக் காட்டும். இருட்டான காட்சியில் கேமரா தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிக்கொள்வதால் நடிகர் முகமும் வெளுத்துப்போகும். எழுதியவர் நேரில் வந்திருந்தார். எழுதும்போது தன் கண்ணை விட்டுவிட்டு வீடியோவை நம்பியிருக்கிறார். தயவுசெய்து வீடியோவைப் பார்த்து ஒளியைப் பற்றி எழுதாதீர்கள். படம் வேண்டுமென்றால் குழுவிடம் கேளுங்கள், உடை ஒத்திகையில் எடுத்தது இருக்கும். சந்தோஷமாகத் தருவார்கள்.

குறிப்பு எடுக்க ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் போதும். பார்க்காமல் எழுதிப் பழகுங்கள்: எழுத்து பெரிதாக, கட்டை விரல் எங்கே இருக்கிறதோ அதற்குக் கீழே அடுத்த சொல். முழு வாக்கியம் வேண்டாம். "சிவப்புப் புடவை, ஜன்னல், மௌனம்" என்று எழுதினாலே வீட்டுக்குப் போனதும் காட்சி திரும்பி வரும். மற்றதை இடைவேளையில் எழுதிக்கொள்ளலாம்.

போனை அணைத்துவிடுங்கள். வீட்டில் நோயாளி இருக்கிறார், அழைப்பு வரலாம் என்றால் வரவே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. கதவுக்குப் பக்கத்தில் ஓரத்து நாற்காலியைக் கேட்டு வாங்குங்கள், போன் அதிர்ந்தால் எழுந்து வெளியே போய்விடுங்கள். ஏதாவது கீழே விழுந்தால் விழட்டும், இடைவேளையில் தேடலாம். இருட்டில் எழுந்து போக வேண்டியிருந்தால் அரங்கப் பணியாளரைப் பாருங்கள். அவர் டார்ச் தரையைப் பார்த்துத்தான் இருக்கும். பல இடங்களில் அதில் சிவப்புத் தாள் ஒட்டியிருப்பார்கள், இருட்டுக்குப் பழகிய கண்ணைச் சிவப்பு அவ்வளவாகக் கெடுக்காது.

வாசலில் ஸ்ட்ரோப் விளக்கு (படபடவென்று அணைந்து அணைந்து எரிவது) பற்றிய அறிவிப்புப் பலகை இருந்தால் படித்துவிட்டு உள்ளே வாருங்கள். வெளிச்சம் பட்டால் வலிப்பு வரக்கூடியவர் உங்களோடு வந்தால் அந்த விளக்கு எந்தக் காட்சியில் வருகிறது என்று முன்பே கேளுங்கள். விமர்சனத்திலும் அதை ஒரு வரி எழுதினால் அடுத்து வருகிறவருக்கு உதவும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நாடகம் முடிந்து கடைசி இருட்டு விழுந்ததும் பலரும் பையைத் தேடி டார்ச்சைப் போடுகிறீர்கள். அந்த நேரத்தில்தான் மொத்தக் குழுவும் வணக்கம் சொல்ல இருட்டிலேயே நடந்து வந்து வரிசையில் நிற்கிறது. சில சமயம் பத்துப் பன்னிரண்டு பேர், படிகளும் மேசை நாற்காலிகளும் நடுவில். அரங்க விளக்கை நான் ஏற்றும்வரை பொறுத்திருங்கள். பத்து விநாடிகூட ஆகாது.