பருப்புச் சட்டியும் ஆட்டு வயிறும்

மார்கழி மாதம், இலங்கை மலையகத்தில் பசறைப் பக்கம் மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த ஓர் இரவு. லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் தகரம் போட்ட பட்டியில் எங்கள் ஆடு வெள்ளச்சி நிற்கவும் மாட்டாமல் படுக்கவும் மாட்டாமல் பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தாள். இடது விலாவுக்குப் பின்னால், மற்ற நாளில் குழி விழுந்து கிடக்கும் இடம், காற்றடித்த பந்து மாதிரி மேலே எழும்பி நின்றது. தட்டினால் 'டப் டப்' என்று தப்பு மேளச் சத்தம். அன்று மத்தியானம் மரக்கறித் தோட்டத்தில் பிடுங்கிப்போட்ட இளம் போஞ்சிச் செடிகளை மழைத்தண்ணி சொட்டச் சொட்ட ஒரு கட்டு கொண்டுவந்து போட்டது நான்தான்.

அப்பாயி என்னைத் திட்டவில்லை. தேங்காய் எண்ணெய்ப் போத்தலை எடுத்துவரச் சொன்னார். கவிழ்த்துப் பார்த்தால் ஒரு சொட்டு விழவில்லை. சுமார் 24 பாகைக்குக் கீழே போனால் தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும். மலையில் மார்கழி இரவென்றால் கேட்கவே வேண்டாம். "அடுப்புகிட்ட வைடா, அதுக்குள்ள இஞ்சிய தட்டிக்கிறேன்" என்றார். இளகிய எண்ணெயில் இஞ்சிச் சாறும் கொஞ்சம் பெருங்காயமும் கலந்து, அரைக் கோப்பைக்கு மேல் உள்ளே போனது. முன்னங்கால் இரண்டையும் வாசற்படியில் தூக்கி வைத்து, இடது பக்கத்தை நான் பிசைந்துகொண்டே இருந்தேன். ரொம்ப நேரத்துக்குப் பிறகு ஒரு ஏப்பம் வந்தது. அந்த நாற்றத்தை அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன் முகர்ந்ததில்லை.

எண்ணெய் உள்ளே போய் என்ன செய்தது?

ஆட்டின் வயிறு நான்கு அறை. முதல் அறைக்கு ரூமன் என்று பெயர். இடது பக்கம் முழுவதையும் அடைத்துக்கொண்டு கிடக்கும், வளர்ந்த ஆட்டில் 15 லீற்றர் அளவுக்குக் கொள்ளும். இது செரிக்கும் பை என்பதைவிடப் புளிக்கவைக்கும் தொட்டி என்பதுதான் பொருத்தம். 39 பாகைச் சூடு, காற்றுப் படாத இருட்டு, ஒரு மில்லிலீற்றர் தண்ணியில் ஆயிரம் கோடி அளவில் பற்றீரியாக்கள். இலையின் நாரை உடைப்பது ஆடு அல்ல, இவைதான். தோசை மா புளித்துப் பொங்குகிறதல்லவா? அதேபோல இங்கும் இரவு பகலாக வாயு வந்துகொண்டிருக்கும். காபனீரொட்சைட்டும் மீதேனும்தான் அதில் பெரும்பங்கு. ரூமன் நிமிடத்துக்கு ஒன்றோ இரண்டோ தடவை புரண்டு கொடுக்கும். மேலே சேர்ந்த வாயு ஏப்பமாக வெளியேறும். ஆடு ஏப்பம் விடுவதை நிறுத்தினால் ஆபத்து தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

இளம் போஞ்சி, பட்டாணி மாதிரியான அவரைக் குடும்பத்துச் செடிகளில் தண்ணியில் கரையும் புரதம் அதிகம். அந்தப் புரதம் வாயுக் குமிழைச் சுற்றி மெல்லிய தோலாகப் படிந்துவிடும். அப்புறம் குமிழோடு குமிழ் சேராது, உடையாது, மேலே ஏறி ஒரே வாயுவாகத் திரளாது. மொத்த ரூமனும் நுரைத்த சோப்புத் தண்ணி மாதிரி ஆகிவிடும். உணவுக்குழாய் வந்து சேரும் வாயை அந்த நுரை மூடும். அங்கே தண்ணியோ நுரையோ பட்டால் ஏப்பம் விடும் அனிச்சைச் செயல் தானாக நின்றுவிடும். நுரை மேலே வந்து மூச்சுக்குழலில் இறங்கிவிடாமல் இருக்க உடம்பு வைத்திருக்கும் பூட்டு அது. இந்த நேரத்தில் அந்தப் பூட்டே எமனாகிறது. வயிறு உப்பி உதரவிதானத்தை நெருக்கும், நுரையீரல் விரிய இடமிருக்காது. சில மணி நேரத்தில் ஆடு மூச்சுத் திணறிச் செத்துப்போகலாம்.

பருப்பு வேகும்போது நுரை பொங்கி வழிந்தால் வீட்டில் என்ன செய்வார்கள்? ஒரு சொட்டு எண்ணெய் விடுவார்கள். பருப்பும் அவரைக் குடும்பம்தான், அந்த நுரையும் புரத நுரைதான். எண்ணெய்த் துளி குமிழின் தோலில் பரவி, அங்கிருக்கும் புரதத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் தான் உட்காரும். எண்ணெய்க்குத் தோலைத் தாங்கிப் பிடிக்கும் வலு இல்லை. குமிழ் உடையும், பக்கத்துக் குமிழோடு சேரும், வாயு திரண்டு மேலே போகும். சட்டியில் நடப்பதுதான் ஆட்டின் வயிற்றிலும் நடக்கிறது. வளர்ந்த ஆட்டுக்கு 100 முதல் 200 மில்லிலீற்றர் தாவர எண்ணெய் என்பது கால்நடை வைத்தியர்களும் சொல்லும் அளவு. நல்லெண்ணெய், கடலை எண்ணெய் எதுவும் ஆகும். அதற்காக அடிக்கடி ஊற்றக் கூடாது. எண்ணெய் மிஞ்சினால் நாரை உடைக்கும் பற்றீரியாக்கள் அடிபட்டுப்போகும்.

ஆனால் எல்லா உப்புசமும் நுரை இல்லை. உருளைக்கிழங்குத் துண்டு தொண்டையில் சிக்கினாலும் வயிறு உப்பும். அது வெறும் வாயு. எண்ணெயால் ஒரு பயனும் இல்லை, அடைப்பை எடுக்க வேண்டும். இன்னொன்று எங்கள் வீட்டிலேயே நடந்தது. திருவிழாவுக்கு வாங்கி வைத்திருந்த அரிசி மூட்டையில் கிடாய்க்குட்டி வாயை வைத்துவிட்டது. அரிசியின் மாப்பொருளைப் பற்றீரியாக்கள் அவசரம் அவசரமாக இலற்றிக் அமிலமாக்கும். ரூமன் புளித்துப்போகும். அந்தப் புளிப்பு இரத்தத்திலிருந்து தண்ணியை வயிற்றுக்குள் இழுக்க, கண் உள்ளே போய் ஆடு தள்ளாடும். நாங்கள் பழைய பழக்கத்தில் எண்ணெயை ஊற்றினோம். குட்டி பிழைக்கவில்லை. அந்த நேரத்துக்கு உதவக்கூடிய பொருளும் அடுக்களையில்தான் இருந்தது: அப்பச்சோடா. ஆடு அசைபோடும்போது ஊறும் எச்சிலில் இருப்பதும் அதே பைகாபனேற்றுத்தான்; ரூமனின் புளிப்பை நாள் முழுக்க மட்டுப்படுத்துவது அந்த எச்சில். ஆரம்பத்திலேயே சோடாவைத் தண்ணியில் கரைத்துக் கொடுத்தால் பலன் உண்டு. தள்ளாடத் தொடங்கிவிட்டால் வைத்தியரைக் கூப்பிடுவதைத் தவிர வேறு வழியில்லை.

சரி, நுரை வராமலே பார்த்துக்கொள்ள முடியாதா? முடியும். சீனி போடாமல் சாயம் கடுத்த பிளேன்டீ ஒரு மிடறு குடித்துப் பாருங்கள். நாக்கு வரண்டு இழுத்துப் பிடிக்கும். தேயிலையிலுள்ள தனின் என்கிற துவர்ப்புச் சத்து எச்சிலின் புரதத்தைப் பிடித்து முடிச்சுப் போடுவதுதான் அந்தத் துவர்ப்பு. பால் ஊற்றினால் துவர்ப்பு அடங்குகிறதே, ஏன்? தனின் பாலின் புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது, நாக்கு தப்பிக்கிறது. பலா இலை மாதிரித் துவர்ப்புள்ள மர இலைகளும் ரூமனுக்குள் இதையே செய்யும். நுரை கட்டக்கூடிய புரதத்தைத் தனின் முதலிலேயே பிடித்து வைத்துவிடும்.

இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. ரூமனில் புளிப்புக் குறைவு, அங்கே இந்த முடிச்சு இறுகியிருக்கும். பற்றீரியாக்களால் அந்தப் புரதத்தைத் தொட முடியாது. நான்காவது அறை நம் இரைப்பை போலக் கடும் அமிலம். அங்கே போனதும் முடிச்சு அவிழும், புரதம் நேரே ஆட்டுக்குச் சேரும், பாலுக்கும் உதவும். அளவு மிஞ்சினால் கதை மாறிவிடும். துவர்ப்பு கூடிய இலையை மட்டுமே போட்டால் ஆடு தீனி எடுப்பதைக் குறைத்துக்கொள்ளும். இப்போது எங்கள் பட்டியில் காலையில் முதலில் பலா இலை, பிறகுதான் மற்றது. ஈரமான போஞ்சிச் செடியை வாட விட்டுத்தான் போடுகிறோம்.

எண்ணெய் ஊற்றும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவசரத்தில் ஆட்டின் தலையை வானம் பார்க்கத் தூக்கிவிடுவார்கள். தலை அண்ணாந்தால் ஆட்டால் சரியாக விழுங்க முடியாது. தண்ணி தவறி மூச்சுக்குழலில் போனால் இருமல் வந்து காட்டிக்கொடுக்கும். வழவழப்பான எண்ணெய் இருமலையும் கிளப்பாமல் நுரையீரலில் இறங்கிவிடும். பிறகு வருவது நியூமோனியா. மூக்கு கண் மட்டத்துக்கு மேலே போகக் கூடாது, கடைவாய் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும், ஒவ்வொரு தடவையும் விழுங்கியதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்தது.

இஞ்சியும் பெருங்காயமும் வாயுவைக் கலைக்கும் மருந்து என்றுதான் நான் வெகுகாலம் நினைத்திருந்தேன். 15 லீற்றர் தொட்டிக்குள் ஒரு கரண்டி இஞ்சிச் சாறு என்ன பெரிதாகச் செய்துவிடும் என்ற சந்தேகமும் கூடவே இருந்தது. ஒருநாள் அப்பாயியிடமே கேட்டேன், அந்த இஞ்சி எதற்கு என்று.

"வெறும் எண்ணெய வாயில வச்சுகிட்டு நிக்கும்டா. காரம் பட்டாத்தான் முழுங்கும்."