லினக்ஸ் உங்கள் வைஃபை கார்டை எப்படி அடையாளம் காண்கிறது?

டிபி-லிங்க் நிறுவனத்தின் டிஎல்-டபிள்யூஎன்722என் என்ற யுஎஸ்பி வைஃபை அடாப்டரை லினக்ஸ்காரர்கள் ஒரு காலத்தில் யோசிக்காமல் வாங்குவார்கள். உள்ளே இருந்தது ஏதெராஸ் ஏஆர்9271 சிப். அதை இயக்கும் மென்பொருளான டிரைவர், லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலிலேயே இருந்ததால், செருகியதும் வேலை செய்தது. அப்புறம் அதே பெயரில் இரண்டாம் பதிப்பு வந்தது. அதன் உள்ளே இருந்ததோ ரியல்டெக் சிப். பழைய பதிப்பைப் பற்றிப் படித்துவிட்டுப் புதியதை வாங்கியவர்கள் டிரைவர் தேடி அலைந்தார்கள்.

மாடல் பெயர் கெர்னலுக்குப் பொருட்டே இல்லை. பிசிஐ (கணினிக்குள் கார்டுகளை இணைக்கும் வழி), யுஎஸ்பி சாதனம் ஒவ்வொன்றும் கணினியிடம் இரண்டு எண்களைச் சொல்கிறது: தயாரிப்பாளர் எண், சாதன எண். இன்டெலின் தயாரிப்பாளர் எண் 8086. ஆம், 1978-இல் அந்த நிறுவனம் வெளியிட்ட புகழ்பெற்ற பிராசஸரின் எண்ணேதான். தான் எந்தெந்த எண்களைக் கையாள முடியும் என்று ஒவ்வொரு டிரைவரும் ஒரு பட்டியல் வைத்திருக்கும். சாதனம் சொன்ன எண் எந்தப் பட்டியலில் இருக்கிறதோ, அந்த டிரைவர் ஏறிக்கொள்ளும். எதிலும் இல்லையென்றால், பழுதே இல்லாத கார்டும் சும்மா கிடக்கும். கீபோர்டு, மவுஸ், பென்டிரைவுக்கெல்லாம் பொதுத் தரம் இருப்பதால் இந்தத் தொல்லை அநேகமாக இல்லை.

பட்டியல் பழையதாக இருந்தாலும் சிக்கல்தான். 2019-இல் வந்த இன்டெல் ஏஎக்ஸ்200 வைஃபை கார்டுக்கு கெர்னல் 5.1 தேவைப்பட்டது. உபுண்டு என்ற லினக்ஸ் தொகுப்பின் 18.04 பதிப்பு முதலில் வந்ததோ கெர்னல் 4.15 உடன். அதனால் புத்தம் புது லேப்டாப் வாங்குகிறவர்கள் புதிய கெர்னல் உள்ள பதிப்பைப் போடுவதே நல்லது.

டிரைவர் இருந்தால் மட்டும் போதாது. பல வைஃபை சிப்கள், சிப்புக்குள்ளேயே ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேர் கோப்பு ஒன்றை ஏற்றினால்தான் ஓடும். அது பெரும்பாலும் மூல நிரல் வெளியிடப்படாத கோப்பு. டெபியன் என்ற இன்னொரு லினக்ஸ் தொகுப்பு, கொள்கை காரணமாக அதை அதிகாரபூர்வ நிறுவியில் சேர்க்காமலே இருந்தது. 2022-இல் வாக்கெடுப்பு நடத்தி மாற்றிக்கொண்டது. 2023-இல் வந்த டெபியன் 12-இல் அது சேர்ந்தே வருகிறது. அந்த முடிவு சரியானது என்பேன். நெட் இல்லாமல் நெட்டுக்கான கோப்பை எங்கே போய் இறக்குவது?

கிராபிக்ஸுக்கு என் தேர்வு இன்டெல் அல்லது ஏஎம்டி. இரண்டின் டிரைவர்களும் கெர்னலோடு வருகின்றன. என்விடியாவின் சொந்த டிரைவரைத் தனியாக நிறுவ வேண்டும். கெர்னல் மாறும்போது அதுவும் ஒத்துப்போக வேண்டும். கூடா (கிராபிக்ஸ் சிப்பில் கணக்கீடு செய்ய உதவுவது) போன்ற என்விடியா வசதி தேவைப்படுகிறவர்கள் இதற்குத் தயாராகவே வாங்கலாம்.

கடையில் அனுமதித்தால், லினக்ஸ் பென்டிரைவிலிருந்து லேப்டாப்பை பூட் செய்து பாருங்கள். எதையும் நிறுவ வேண்டியதில்லை. கட்டளை தட்டச்சு செய்யும் டெர்மினலில் எல்எஸ்பிசிஐ (lspci) கட்டளை கொடுத்தால் உள்ளே இருக்கும் சிப்களின் உண்மையான பெயர் தெரியும். வைஃபை, ஒலி, கேமரா எல்லாம் பார்த்த பிறகு மூடியை மூடித் திறங்கள். தூங்கிய லேப்டாப் ஒழுங்காக எழுகிறதா என்பதைத்தான் பலர் சோதிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.