கோத்தகிரி ஜீப்பும் ஒரு சொட்டுத் தண்ணீரும்

‘டிங்கரிங் முடிந்து ஜீப் இரண்டு இரவு ஷெட்டுக்குள்தான் நின்றது. மழை ஒரு சொட்டுக்கூடப் படவில்லை. பெயிண்ட் சுரண்டிய கதவில் எப்படித் துரு வந்தது?’ என்று கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

இரும்பும் தண்ணீரும் ஆக்சிஜனும் சேர்ந்தால் துரு. இது பள்ளிப் பாடம். தண்ணீர் வந்தது காற்றிலிருந்து. இரவில் தகடு சில்லிட்டுப் போகிறது. காலையில் ஷெட்டைத் திறந்ததும் ஈரக்காற்று உள்ளே நுழைந்து, அந்தச் சில்லிட்ட தகட்டின் மேல் நீராக வியர்க்கிறது. காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டிவிட்டால், கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலமே துருவைத் தொடங்கிவைக்கப் போதும். தகட்டைத் தடவிப் பார்த்த கையின் வியர்வை உப்பு அதை இன்னும் விரைவாக்கும்.

சரி, அந்த ஒரு சொட்டுக்குள் என்ன நடக்கிறது? எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது. கேம்பிரிட்ஜில் யூலிக் எவன்ஸ் என்ற விஞ்ஞானி 1920களில் செய்து காட்டிய சோதனையை நம் பள்ளி ஆய்வகத்திலேயே செய்யலாம். பளபளவென்று தேய்த்த இரும்புத் தகட்டில் ஒரு சொட்டு உப்புநீர் விடுங்கள். அதில் துளி பினாப்தலீனும் (காரம் பட்டால் இளஞ்சிவப்பாகும்) துளி பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடும் (கரைந்த இரும்பு பட்டால் நீலமாகும்) கலந்திருக்கட்டும். சிறிது நேரத்தில் சொட்டின் நடுவில் நீலம் பூக்கும், ஓரத்தில் இளஞ்சிவப்பு வளையம் விரியும்.

சொட்டின் ஓரம் மெல்லியது. காற்றிலுள்ள ஆக்சிஜன் அங்கே எளிதில் கரைந்து இறங்குகிறது. நடுவில் தண்ணீர் தடிமனாக நிற்பதால் ஆக்சிஜனுக்குப் பஞ்சம். ஒரே தகடு, ஒரே சொட்டு, ஆனால் இரண்டு இடங்கள் பேட்டரியின் இரண்டு முனைகளாகிவிடுகின்றன. நடுவில் இரும்பு எலக்ட்ரான்களை விட்டுவிட்டுக் கரைகிறது. நீலம் அதன் அடையாளம். எலக்ட்ரான்கள் தகட்டின் வழியாக ஓரத்துக்கு ஓடி, ஆக்சிஜனோடும் நீரோடும் சேர்ந்து ஹைட்ராக்சைடு ஆகின்றன; அதுதான் அந்த இளஞ்சிவப்பு. இரண்டும் இடைவழியில் சந்திக்கும் இடத்தில் பழுப்பு வளையமாகத் துரு படிகிறது.

துரு தெரிவது வளையத்தில், குழி விழுவது நடுவில். பழுப்பைத் துடைத்துவிட்டுத் தகடு சுத்தமாகிவிட்டது என்று நம்புவதில் உள்ள ஆபத்து இதுதான். அப்படித் துடைத்த தகட்டின் மேல் நேராகப் பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை) பூசினால் நிலைமை இன்னும் மோசம். பட்டியில் டால்க் பொடி இருக்கிறது, அது ஈரத்தை இழுக்கும். பட்டியின் அடியில் ஆக்சிஜன் குறைவு, ஓரத்தில் அதிகம். எவன்ஸின் சொட்டு அங்கே பெரிய அளவில் மறுபடி உட்கார்ந்துவிடுகிறது. பெயிண்ட் அடித்துச் சில மாதங்களில் கொப்புளம் கிளம்புவது இதனால்தான்.

காரைக்குடியில் 1953 முதல் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலம் கொடுத்து உருவான நிலையம், அரிமானத்தை, அதாவது துரு போன்ற உலோக அரிப்பை, ஆராய்வது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று. இத்தகைய நிறுவனங்களுக்கு அரசு தாராளமாக நிதி தர வேண்டும், அதில் ஒரு பங்கை மலைப் பட்டறைக்காரர்களுக்குத் தமிழில் பயிற்சி தரவென்றே ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

உங்கள் ஜீப்புக்கு வருவோம். துருப் புள்ளிகளை 80 நம்பர் உப்புத்தாளால், குழிக்குள் ஒட்டிய துருவின் கறுப்பு மறையும்வரை தேய்க்கச் சொல்லுங்கள். தின்னரால் துடைத்த பிறகு வெறுங்கை படக்கூடாது. தகட்டின் வெப்பம் பனிநிலையைவிட (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 3 டிகிரி செல்சியஸாவது கூடுதலாக இருக்க வேண்டும். ஹாலஜன் விளக்கை அருகில் வைத்தால் போதும். அன்று மாலைக்குள் எபாக்சி பிரைமர் (தகட்டில் முதலில் பூசும் காப்புப் பூச்சு) ஏறிவிடட்டும், அது காய்ந்த பிறகுதான் பட்டி. இரவில் துரு பிடிக்காமலிருக்க ஆயில் தடவி வைக்கும் பழக்கம் வேண்டாம். மிச்சமிருக்கும் எண்ணெயில் பெயிண்ட் ஒட்டாது. அப்புறம், கதவின் அடியில் நீர் வடியும் துளைகள் பட்டியால் அடைபட்டிருக்கின்றனவா என்று ஒரு கம்பி விட்டுப் பாருங்கள்.