திரையில் பார்த்த தலைக்கவசத்தை அளப்பது எப்படி?

1977இல் வெளிவந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் எக்ஸ்-விங் என்ற போர் விண்கலத்தை ஓட்டும் விமானிகள் அணிந்து வரும் ஆரஞ்சு நிறச் சீருடையையும் தலைக்கவசத்தையும் அச்சு அசலாகச் செய்ய விரும்புவோருக்கு முதலில் வேண்டியவை சரியான அளவுகள். படத்துக்காகச் செய்த பொருள்கள் எளிதில் கைக்குக் கிடைப்பதில்லை என்பதால், திரைக்காட்சிகளையும் படப்பிடிப்புப் புகைப்படங்களையும்தான் நம்ப வேண்டியிருக்கிறது. ஆனால் ஒரு புகைப்படத்திலிருந்து விகிதங்களைத்தான் அறிய முடியும். அளவு தெரிந்த ஒரு பொருளாவது அதில் இல்லாவிட்டால் மில்லிமீட்டர் கணக்கு கிடைக்காது.

நல்லவேளையாக, உடைகளை வடிவமைத்த ஜான் மோலோ ராணுவச் சீருடைகளின் வரலாற்றை ஆழ்ந்து கற்றவர். எக்ஸ்-விங் தலைக்கவசத்தின் அடிப்படை வடிவமும் அமெரிக்கக் கடற்படை விமானிகளின் ஏபிஎச்-6 தலைக்கவசத்தைத் தழுவியதே. அந்த நிஜக் கவசம் ஒன்றை வெர்னியர் என்ற நுண்ணளவுக் கருவியால் அளந்து, அதே பகுதி படத்தில் எத்தனை பிக்சல் அகலம் இருக்கிறது என்று பார்த்தால், ஒரு பிக்சல் எத்தனை மில்லிமீட்டர் என்பது தெரிந்துவிடும். இந்தக் கணக்கு கவசத்தோடு ஒரே தொலைவில் உள்ளவற்றுக்கு மட்டுமே பொருந்தும். கேமராவிலிருந்து 3 மீட்டர் தொலைவில் கவசம் இருக்க, மார்பில் மாட்டிய பெட்டி 15 சென்டிமீட்டர் முன்னால் இருந்தால், அது ஏறக்குறைய 5 சதவீதம் பெரிதாகத் தெரியும். பல கோணங்களில் எடுத்த படங்களை ஒப்பிட்டுத்தான் இப்பிழையைக் களைய முடியும்.

நிறம் இன்னும் ஏமாற்றக்கூடியது. அக்கால வண்ணப் பிலிம் பிரதிகளில் சயான் என்ற நீலப்பச்சைச் சாயம் பெரும்பாலும் முதலில் மங்கிவிடுவதால், பழைய பிரதியில் எல்லாமே சிவப்பேறித் தெரிகிறது. ஆரஞ்சுத் துணியும் அப்படித்தான். பகல் வெளிச்சத்தில் ஒன்றுபோலத் தோன்றும் இரு துணிகள், சாயங்கள் வேறு என்பதால் டங்ஸ்டன் விளக்கொளியில் வேறுபட்டு நிற்பதும் உண்டு. ஆகவே துணியை இரு வெளிச்சத்திலும் பார்த்த பிறகே வாங்குவது நல்லது.

என்னைப் பொறுத்தவரை, அதிகக் கவனம் வேண்டியது ஒரு கவசப் பிரதியிலிருந்து இன்னொரு பிரதி எடுக்கும் வேலையில்தான். சிலிக்கோன் அச்சில் ரெசின் எனப்படும் திரவப் பிசினை ஊற்றி வார்க்கும்போது, அச்சும் பிசினும் இறுகுகையில் சற்றே சுருங்குகின்றன. அந்த வார்ப்பிலிருந்து மறுபடி அச்செடுத்தால் சுருக்கம் சேர்ந்துகொண்டே போகும். வெற்றிட வார்ப்பில் நடப்பது இதற்கு நேர்மாறு. சூட்டில் இளகிய பிளாஸ்டிக் தகடு அச்சின் மேல் படிந்து, அடியிலுள்ள காற்று உறிஞ்சப்பட்டதும் இறுகப் பற்றிக்கொள்கிறது. ஆனால் நாம் பார்க்கும் வெளிப்புறம் தகட்டின் தடிமன் அளவுக்குப் பருத்துவிடுகிறது. 2 மில்லிமீட்டர் தகடு இழுபட்டு மெலியாத இடத்தில் கவசம் 4 மில்லிமீட்டர் அகலமாகும். அதன் வெளிப்புறத்தையே அச்சாக்கி மறுமுறை வார்த்தால் இன்னொரு 4 கூடும். கூடவே, கூர்மையான விளிம்புகளும் குறுகிய பள்ளங்களும் ஒவ்வொரு தலைமுறையிலும் மழுங்கிக்கொண்டே போகும். எனவே, விற்பனைக்கு வரும் பிரதியில் அகலத்தை ஏபிஎச்-6 அளவோடு ஒப்பிட்டு, விளிம்புகளை விரலால் தடவிப் பார்த்தாலே, அது மூலத்திலிருந்து எவ்வளவு விலகி வந்திருக்கிறது என்பதைப் பெரும்பாலும் ஊகித்துவிடலாம்.