உங்கள் கணக்காளர் கடைசியாக எப்போது இரண்டு வாரம் லீவு எடுத்தார்?

பத்து பேர், இருபது பேர், மிஞ்சிப்போனால் அறுபது பேர் வேலை செய்யும் நிறுவனங்களுக்குத்தான் நான் பெரும்பாலும் தணிக்கை செய்கிறேன். திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனிகள், கோவையில் பம்ப் பாகங்கள் செய்யும் பட்டறைகள், சில மொத்த வியாபாரக் கடைகள். புதிதாக ஓர் இடத்துக்குப் போனால் பேலன்ஸ் ஷீட்டைக் கேட்பதற்கு முன்பே முதலாளியிடம் ஒன்று கேட்பேன்: "உங்க கணக்காளர் சேர்ந்தாப்பல ரெண்டு வாரம் லீவு எடுத்து எவ்வளவு நாளாச்சுங்க?"

பதில் பெருமையோடுதான் வரும். "அவரா? லீவே போடமாட்டாருங்க சார். சொந்தப் பொண்ணு கல்யாணத்துக்கே நாலு நாள்தான் எடுத்தாரு. அவரு இல்லேன்னா கம்பெனியே ஓடாதுங்க."

அந்தக் கடைசி வாக்கியம் எனக்குக் கவலை தரும். அந்த மனிதர் மேல் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ஆனால் இத்தனை குடும்பங்கள் சோறு தின்னும் ஒரு தொழில், ஒரே ஆளின் உடம்பையும் ஒரே ஆளின் செல்போனையும் நம்பி நிற்கிறது என்று முதலாளியே தன் வாயால் சொல்லிவிட்டார்.

வங்கித் துறை இந்தப் பாடத்தைப் பெரிய விலை கொடுத்துக் கற்றது. 2008 ஜனவரியில் பிரான்சின் சொசியேத்தே ஜெனரால் வங்கிக்கு 4.9 பில்லியன் யூரோ நட்டம் என்று வெளியே வந்தது. காரணமாகச் சொல்லப்பட்ட வர்த்தகர் ஜெரோம் கெர்வியெல், அதற்கு முந்தைய ஆண்டு முழுவதும் நான்கு நாள்தான் லீவு எடுத்திருந்தார். லீவில் போனால் அவருடைய கணக்கை வேறொருவர் பார்ப்பார். தான் லீவு எடுக்காமல் இருந்ததே மேலதிகாரிகளை உஷார்படுத்தியிருக்க வேண்டும் என்று விசாரணையில் அவரே சொன்னார். நம் ரிசர்வ் வங்கியும் இதில் கண்டிப்பாக இருக்கிறது. முக்கியப் பொறுப்பில் இருக்கும் வங்கி ஊழியர்கள் ஆண்டுக்கு ஒருமுறை, சேர்ந்தாற்போல் குறைந்தது 10 வேலை நாள் கட்டாய லீவில் போக வேண்டும் என்று 2021 ஜூலையில் சுற்றறிக்கை வந்தது. முன்கூட்டிச் சொல்லாமல் அனுப்ப வேண்டும். அந்த நாள்களில் அலுவலக மின்னஞ்சல் தவிர வேலை சம்பந்தப்பட்ட எதையும் அவர்கள் தொடக்கூடாது.

ஏன் 10 நாள்? இரண்டு நாள் போதாதா? போதாது. சிறிய நிறுவனங்களில் நான் அடிக்கடி பார்க்கும் கையாடல் முறையைச் சொன்னால் புரியும். ஒரு வாடிக்கையாளர் கொடுத்த பணத்தை எடுத்துக்கொள்வார்கள். அடுத்த வாரம் இன்னொருவர் பணம் கொடுத்ததும் அதை முதல் ஆளின் கணக்கில் வரவு வைப்பார்கள். மூன்றாவது ஆளின் பணம் இரண்டாவது ஆளின் கணக்குக்குப் போகும். இப்படியே உருட்டிக்கொண்டு போகலாம், ஆனால் தினமும் ஆபீசுக்கு வந்தால்தான் முடியும். ஒரு வாடிக்கையாளர் "பணம் கட்டியாச்சே, இன்னும் பாக்கி காட்டுதே" என்று போன் செய்யும்போது, எடுத்துப் பேச அதே ஆள் இருக்க வேண்டும். ஞாயிறோடு சேர்த்து இரண்டு நாள் லீவில் இது தாக்குப்பிடிக்கும். இரண்டு வாரம் வேறு ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து போன் எடுத்தால் தாக்குப்பிடிக்காது. வேலையிலேயே இல்லாத ஓர் ஆளின் பெயரைக் கூலிப் பட்டியலில் சேர்த்துச் சம்பளம் எடுக்கும் கதையும் அப்படித்தான், பட்டியல் போடும் கை மாறும்போது வெளியே வரும்.

சரி, இது சிலரைப் பற்றியது. லீவே எடுக்காதவர்களில் மிகப் பலர் அப்பழுக்கில்லாத மனிதர்கள். வேலையை விட்டுப் போக மனம் வராதவர்கள், முதலாளி முகம் சுளிப்பாரோ என்று பயந்தவர்கள், தான் இல்லாமலே எல்லாம் நடந்துவிட்டால் தன் மதிப்பு குறைந்துவிடுமோ என்று உள்ளுக்குள் தவிப்பவர்கள். அவர்களை நீண்ட லீவில் அனுப்புவதால்தான் நிறுவனத்துக்கு அதிக லாபம் என்பது என் அனுபவம்.

ஒரு பனியன் கம்பெனியில் இருபது வருடத்துக்கும் மேலாக இருந்த கணக்காளருக்கு ஒருநாள் காலையில் நெஞ்சுவலி. நல்லவேளையாகப் பிழைத்துக்கொண்டார். ஆனால் ஜிஎஸ்டி தளத்தின் ஓடிபி அவருடைய சொந்த எண்ணுக்கு வந்துகொண்டிருந்தது. முதலாளியின் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் அவர் மேசை டிராயரில், அதன் பாஸ்வேர்டு அவர் மனதில். கணக்கு எழுதும் டாலி மென்பொருளில், எந்தச் சாயப்பட்டறை பில் எந்த ஆர்டருக்கு என்பது அவர் மட்டும் அறிந்த கணக்கு. ஐசியு வாசலில் நின்று அவர் மனைவியிடம் போன் கேட்கும் நிலை அந்த முதலாளிக்கு வந்தது. மாதாமாதம் ஜிஎஸ்டி கட்டும் 3பி ரிட்டர்ன் தாமதமானால் நாளுக்கு 50 ரூபாய் கட்டணம், கட்ட வேண்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. அதையாவது தாங்கலாம். தொடர்ந்து இரண்டு மாத ரிட்டர்ன் நின்றுபோனால் சரக்கு அனுப்பத் தேவையான ஈ-வே பில் போடுவதே தடைபடும், சரக்கு கேட்டைத் தாண்டாது. முந்தைய ஆண்டு அவரைக் குடும்பத்தோடு இரண்டு வாரம் எங்காவது அனுப்பியிருந்தால் இந்த ஓட்டைகள் எல்லாம் யாருக்கும் வலிக்காமல் தெரிந்திருக்கும். "அண்ணா, அந்த பாஸ்வேர்டு என்ன?" என்று ஒரு போனில் முடிந்திருக்கும்.

இங்கே பலர் சொல்லும் மறுப்பு ஒன்று உண்டு. "தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஒரு வாரம், பத்து நாள் கம்பெனியே மூடியிருக்கே சார், அது லீவு இல்லையா?" லீவுதான். ஆனால் எல்லோரும் சேர்ந்து போகும் லீவில் யாரும் யாருடைய வேலையையும் பார்ப்பதில்லை. எந்த ஓட்டையும் வெளியே தெரியாது. யாருக்கும் புதிதாக ஒன்றும் பழகாது. மற்றவர்கள் வேலையில் இருக்க, ஒருவர் மட்டும் போக வேண்டும். பீகார், ஒடிசா தொழிலாளர்கள் பண்டிகைக்கு ஊருக்குப் போய் ஒரு மாதம் கழித்துத் திரும்புவதை நம் முதலாளிகள் எவ்வளவு அழகாகச் சமாளிக்கிறார்கள்! ஷிப்ட் மாற்றி, ஜாப் ஒர்க் வெளியே கொடுத்து, டெலிவரி தேதியை முன்கூட்டியே பேசி வைக்கிறார்கள். அதே திட்டமிடலை ஸ்டோர் கீப்பருக்கும், பையரிடம் பேசி ஆர்டரைப் பார்த்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசருக்கும், கட்டிங் மாஸ்டருக்கும் செய்ய முடியும்.

செய்தவர்கள் பலனைக் கண்டிருக்கிறார்கள். ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசர் காசிக்குப் போயிருந்தபோது அவருக்கு உதவியாக இருந்த பெண், வெளிநாட்டு பையரின் மெயில்களுக்கு நேரடியாகப் பதில் எழுத வேண்டி வந்தது. முதல் இரண்டு நாள் ஒவ்வொரு வரியையும் முதலாளியிடம் காட்டினாராம். அப்புறம் காட்டவில்லை. இன்று அவர் தனியாக ஒரு பையரைப் பார்த்துக்கொள்கிறார். ஒரு பட்டறையில் ஸ்டோர் கீப்பர் மூன்று வாரம் போனதும், பொறுப்பேற்றவர் அலமாரியில் எது எங்கே என்று தெரியாமல் எல்லாவற்றையும் இறக்கிப் பட்டியல் போட்டார். ஒரே பேரிங்கை இரண்டு கடைகளில் வேறு வேறு விலைக்கு வாங்கிக் குவித்திருந்தது அப்போதுதான் தெரிந்தது. யாரும் திருடவில்லை. பழக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த ஒன்றைப் புதுக்கண் பார்த்தது, அவ்வளவுதான்.

லீவைக் கொடுக்காமல் சேர்த்து வைப்பதும் மலிவான காரியம் இல்லை. தொழிற்சாலைகள் சட்டம் 1948, ஆண்டுக்கு 240 நாள் வேலை செய்த தொழிலாளிக்கு 20 நாளுக்கு ஒரு நாள் சம்பளத்தோடு லீவு என்றது. 2020-இல் இயற்றிய பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அந்த 240-ஐ 180 ஆக்கியிருக்கிறது. 300 நாள் உழைத்தவருக்கு 15 நாள் என்று கணக்கு வருகிறது. நான் சொல்லும் இரண்டு வாரம் நீங்கள் புதிதாகத் தரும் சலுகை இல்லை, ஏற்கனவே அவருடையது. அதை எடுக்கவிடாமல் வைத்தால், பத்து வருடம் கழித்து அவர் விலகும்போது அன்றைய உயர்ந்த சம்பளத்தில் காசாக்கிக் கொடுக்க வேண்டிவரும். கணக்கில் செலவாக எழுதி வைத்தாலும், பணமாகக் கொடுத்தால்தான் வருமான வரியில் கழிவு கிடைக்கும்.

எப்போது அனுப்புவது? கணக்காளர் என்றால் நான் 21-ஆம் தேதியைச் சொல்வேன். 20-ஆம் தேதியோடு 3பி முடிந்துவிடும், பிடித்தம் செய்த வரியான டிடிஎஸ்ஸை அடுத்த மாதம் 7-ஆம் தேதி கட்டும் வரை பெரிய மாதாந்திரக் கெடு இல்லை. நடுவில் சம்பளப் பட்டுவாடா மட்டும் வரும், அதை இன்னொருவர் செய்து பார்ப்பது நல்லதே. மறு ஆண்டு துணிந்து 7-இலிருந்து 20 வரை அனுப்புங்கள். விற்பனை விவரம் தரும் ஜிஎஸ்டிஆர்-1 ரிட்டர்ன், பிஎஃப், இஎஸ்ஐ எல்லாம் அந்த நாள்களில்தான் வரும், அதையும் தாண்டிவிட்டால் நிறுவனம் ஓர் ஆளை நம்பி இல்லை என்று தைரியமாகச் சொல்லலாம்.

வங்கிகளைப் போல் திடீரென்று அனுப்ப வேண்டாம் என்பது என் கருத்து. நம் கம்பெனிகளில் உறவு நெருக்கமானது. "நாளையிலிருந்து வராதீங்க" என்றால் இருபது வருடம் உழைத்தவர் நொறுங்கிப்போவார். மூன்று மாதம் முன்பே தேதி குறித்து, எல்லோருக்கும் பொது விதி என்று அறிவித்து, முதல் ஆளாக முதலாளியே பத்து நாள் போய்விட்டு வந்தால் யாருக்கும் உறுத்தாது. ஆனால் ஒன்றில் விட்டுக்கொடுக்காதீர்கள். லீவில் இருப்பவர் மாலையில் வீட்டிலிருந்து டாலியைத் திறந்து பதிவு போட்டால் அது லீவு ஆகாது. அவசரத்துக்கு ஒரு போன், அதுவும் வேலை பார்ப்பவர் கேட்டால் மட்டும்.

ஆபீசில் இரண்டே பேர் இருக்கும் இடங்களில், தெரிந்த ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவரை அந்த இரண்டு வாரத்துக்குக் கூப்பிடுங்கள், ஆண்டுதோறும் அதே ஆளாக இருந்தால் இன்னும் நல்லது. ஆடிட்டரையே கணக்கு எழுதச் சொல்லாதீர்கள். அவர் எழுதியதை அவரே தணிக்கை செய்யக்கூடாது. அந்த நாள்களில் வரும் வாடிக்கையாளர் பாக்கி விசாரணைகளை முதலாளி நேரில் எடுத்துப் பேசுங்கள். லீவு முடிந்து அவர் திரும்பும் நாளில் அரை நாள் ஒதுக்கி நீங்கள், அவர், அவர் இடத்தில் வேலை பார்த்தவர் என மூன்று பேரும் உட்காருங்கள். எங்கே தடுமாறினோம், எந்தப் பாஸ்வேர்டு கிடைக்கவில்லை, எந்த வேலையை இனி இரண்டு பேர் பழக வேண்டும் என்று அவர் முன்னாலேயே பேசி எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டின் லீவுத் தேதியையும் அன்றே காலண்டரில் குறித்துவிடுங்கள்.