இன்சுலின் ஊசியில் ஏன் இரண்டு வகை?

"அம்மாவுக்கு டாக்டர் இரண்டு இன்சுலின் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஒன்றைச் சாப்பாட்டுக்கு முன்னால் போட வேண்டுமாம், இன்னொன்றை இரவில். இரண்டும் இன்சுலின்தானே, சேர்த்து ஒரே ஊசியாகப் போட்டால் என்ன?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. பதில் அந்த மூலக்கூறின் ஒரு விசித்திரமான குணத்தில் இருக்கிறது.

முதலில் அடிப்படையைச் சட்டென்று பார்த்துவிடலாம். ஆரோக்கியமான ஒருவர் வெறும் வயிற்றில் இருக்கும்போது அவருடைய ரத்தம் முழுவதிலும் சேர்த்தே 4, 5 கிராம் குளுக்கோஸ்தான் இருக்கும், ஒரு தேக்கரண்டி அளவு. ஒரு வேளைச் சாப்பாடு அதைப்போலப் பல மடங்கைக் கொண்டுவந்து கொட்டுகிறது. உடனே கணையத்தின் பீட்டா செல்கள் இன்சுலினை விடுகின்றன, அது தசை, கொழுப்புச் செல்களின் மேல் அதற்கென்றே இருக்கும் ஏற்பிகள் என்ற புரதங்களில் ஒட்டுகிறது, ஒட்டியதும் செல்லுக்குள் சின்னப் பைகளில் காத்திருக்கும் குளுட்4 என்ற கடத்திப் புரதங்கள் செல் சவ்வுக்கு வந்து குளுக்கோஸை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. கல்லீரலும் தன் பங்குக்குச் சர்க்கரையை வெளியே விடுவதைக் குறைத்துக்கொள்கிறது. டைப் 1 சர்க்கரை நோயில் பீட்டா செல்களே அழிந்துபோகின்றன. டைப் 2-இல் இன்சுலின் இருந்தும் உடல் அதற்குச் சரியாகச் செவிசாய்ப்பதில்லை, நாளாக ஆகச் சுரப்பும் குறைகிறது. குறைவதை வெளியிலிருந்து கொடுப்பதுதான் இன்சுலின் சிகிச்சை.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். இன்சுலின் 51 அமினோ அமிலங்கள் கொண்ட சிறிய புரதம். ஆனால் நெருக்கமாக இருக்கும்போது அது தனியாக இருப்பதில்லை. முதலில் இரண்டிரண்டாக ஜோடி சேர்கிறது, பிறகு மூன்று ஜோடிகள் துத்தநாக அயனிகளைப் பிடித்துக்கொண்டு வளையம்போல ஆறு பேர் கொண்ட கூட்டாகிவிடுகின்றன. கணையம் இன்சுலினைச் சேமித்து வைப்பதே இந்தக் கூட்டாகத்தான், ஏனென்றால் அப்படி இருந்தால் அது எளிதில் கெடாது. ஆனால் ஏற்பியில் போய் ஒட்டக்கூடியது தனி மூலக்கூறு மட்டும்தான். கணையத்துக்கு இதில் சிரமமே இல்லை, ஓடும் ரத்தத்தில் விட்டதும் நீர்த்துப்போய்க் கூட்டு நொடியில் கலைந்துவிடும்.

ஊசியில் போடும்போதுதான் சிக்கல். தோலுக்கு அடியில் ஒரு துளி மருந்து அடர்த்தியாக ஒரே இடத்தில் தேங்கி நிற்கிறது, ஆறு பேர் கூட்டு ரத்தக் குழாயின் சுவரைத் தாண்ட முடியாத அளவுக்குப் பெரியது, அது கொஞ்சம் கொஞ்சமாக உடைந்தால்தான் ரத்தத்தில் சேரும். பழைய ரெகுலர் இன்சுலினைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பே போடச் சொல்வது இதனால்தான். அந்த அரை மணி நேரம் கூட்டு கலைவதற்கான நேரம்!

சரி, ஒட்டிக்கொள்ளும் குணத்தையே மாற்றிவிட்டால்? 1996-இல் புழக்கத்துக்கு வந்த லிஸ்ப்ரோ இன்சுலினில் செய்தது அதைத்தான். இன்சுலின் மூலக்கூறின் இரண்டு சங்கிலிகளில் ஒன்றான பி சங்கிலியில் 28, 29-ஆம் இடங்களில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் புரோலின், லைசின் என்ற அமினோ அமிலங்கள் இரண்டையும் இடம் மாற்றினார்கள், அவ்வளவுதான். ஏற்பியில் ஒட்டும் திறமை அப்படியே இருக்கிறது, தங்களுக்குள் ஒட்டிக்கொள்ளும் பிடி மட்டும் தளர்ந்துபோகிறது. பதினைந்து நிமிடத்தில் வேலை ஆரம்பித்துவிடும். மூலக்கூறில் இவ்வளவு சின்ன மாற்றம், சாப்பாட்டு நேரத்தில் இவ்வளவு பெரிய விடுதலை என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது.

நீண்ட நேரம் வேலை செய்யும் கிளார்ஜின் என்ற இன்சுலின் நேர் எதிர்த் திசையில் போகிறது. அதில் இரண்டு ஆர்ஜினைன்கள் கூடுதலாகச் சேர்த்து, ஓர் அமினோ அமிலத்தையும் மாற்றியிருக்கிறார்கள். அதனால் குப்பியில் இருக்கும் அமிலக் கரைசலில் தெளிவாகக் கரைந்திருக்கும், உடலுக்குள் போனதும் அமிலத்தன்மை போய்விடுவதால் தோலுக்கு அடியிலேயே நுண்படிவமாகப் படிந்துவிடும். அந்தப் படிவம் மெல்ல மெல்லக் கரைந்து கிட்டத்தட்ட ஒரு நாள் முழுக்க இன்சுலினைக் கசியவிடுகிறது. ஒரே சிரிஞ்சில் வேறு இன்சுலினோடு கலந்தால் அந்த அமிலத்தன்மை குலைந்து இரண்டின் வேகமும் தாறுமாறாகிவிடும். இரவில் போடுவது கிளார்ஜின் என்றால், வாசகரின் கேள்விக்குப் பதில் இதுதான்.

இதெல்லாம் சாத்தியமானது அந்தக் கூட்டின் வடிவம் தெரிந்ததால். பிரிட்டிஷ் வேதியியலாளர் டோரதி ஹாட்ஜ்கின் இன்சுலின் படிகத்தின் முதல் எக்ஸ்ரே படத்தை எடுத்தது 1935-இல், அமைப்பை முழுதாகக் கண்டறிந்தது 1969-இல். 34 வருடங்கள்! இரண்டு வருடத்தில் என்ன பயன் என்று கேட்டுவிட்டு நிதியை நிறுத்துகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை யோசிக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்லியே ஆக வேண்டும். இன்சுலின் ஆரம்பித்தால் அதோடு முடிந்தது, பழக்கமாகிவிடும் என்று பயமுறுத்துகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். உடல் தானே சுரக்கும் பொருள் எப்படிக் கெட்ட பழக்கமாகும்? டைப் 1 உள்ள குழந்தைக்கு யாரோ கொடுத்த பொடியை நம்பி ஊசியை நிறுத்தினால், சில நாட்களிலேயே ரத்தம் அமிலமாகி உயிருக்கே ஆபத்து வந்துவிடும். இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சமும் பொறுமை இல்லை.

அப்புறம், இரவு ஊசி இரவுச் சாப்பாட்டுக்கானது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நாம் எதையும் சாப்பிடாமல் தூங்கும்போதும் கல்லீரல் ரத்தத்தில் சர்க்கரையை விட்டுக்கொண்டேதான் இருக்கும், நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலின் அதைக் கவனிப்பதற்கு. அதனால் அம்மா ஒரு நாள் இரவு சாப்பிடவில்லை என்றால் ஊசியை நீங்களாகவே விட்டுவிடாதீர்கள், அளவை மாற்ற வேண்டுமா என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.