வெளிநாட்டு ஏஐ கருவிக்குச் சந்தா கட்டுகிறீர்களா? ஜிஎஸ்டியில் மாட்டும் இடங்கள்

விளம்பர வாசகம் எழுத, வாடிக்கையாளருக்குப் பதில் அனுப்ப என்று ஏஐ கருவிக்கு மாதச் சந்தா கட்டும் சிறு தொழில்கள் பெருகிவிட்டன. கருவியைப் பழகிக்கொள்கிறார்கள். அந்தப் பில்லின் வரியை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை; நோட்டீஸ் வந்த பிறகுதான் தெரிகிறது.

சட்டம் சுருக்கமானது. வெளிநாட்டு நிறுவனம் இணையம் வழியாகத் தரும் சேவைக்கு 18% ஐஜிஎஸ்டி (இறக்குமதிக்கும் மாநிலம் விட்டு மாநிலம் போகும் விற்பனைக்கும் உள்ள ஜிஎஸ்டி). உங்களுக்கு ஜிஎஸ்டி பதிவு இல்லையென்றால் அந்த நிறுவனமே வசூலித்து அரசுக்குக் கட்டும். பதிவு இருந்தால் ரிவர்ஸ் சார்ஜ் முறையில், அதாவது விற்பவருக்குப் பதில் வாங்கும் நீங்களே கட்டி, கட்டியதை இன்புட் கிரெடிட்டாக (உங்கள் விற்பனை வரியில் கழித்துக்கொள்ளும் தொகையாக) எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் பில்லில் விற்பவரின் ஜிஎஸ்டி எண்ணைப் பாருங்கள். 33, 29 போன்ற மாநில எண்ணில் தொடங்கினால் அது இந்தியக் கிளை தரும் சாதாரண பில். உங்கள் கொள்முதல் பில்களை ஜிஎஸ்டி தளம் தானாகக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-2பி பட்டியலில் வரும், கவலையில்லை. 99-ல் தொடங்கினால் வெளிநாட்டு நிறுவனம். அதில் 18% போட்டு, உங்கள் ஜிஎஸ்டி எண் இல்லாமல் வந்தால் உங்களைத் தனிநபராக நினைத்திருக்கிறார்கள். அந்த வரிக்கு கிரெடிட் கிடையாது. இன்னும் மோசம், நீங்கள் பதிவு பெற்றவர் என்பதால் அதே பில்லுக்கு ரிவர்ஸ் சார்ஜும் கட்டச் சொல்லி அதிகாரி கேட்கலாம். முதலாளி தன் சொந்த மெயிலில் கணக்குத் திறந்து, வரி எண் கேட்கும் கட்டத்தைக் காலியாக விடுவதால் வரும் வினை இது. பணம் கட்டும் முன்பே பில்லிங் பக்கத்தில் தொழிலின் பதிவுப் பெயரையும் ஜிஎஸ்டி எண்ணையும் போடுங்கள். பழைய பில்லைத் திருத்தித் தரச் சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் தானியங்கிப் பதில்தான் வரும்.

எண் போட்டதும் பில்லில் வரி பூஜ்யம் ஆகிவிடும். 'வரியே இல்லை' என்று பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். இரண்டாவது பொறி இதுதான். 2பி-யில் இந்தப் பில் தெரியாது. 2பி-யை மட்டும் பார்த்துக் கணக்குப் போடும் கணக்காளர் அலுவலகத்தில் இது தப்பிவிடும். ஆகவே பில்லை மாதாமாதம் நீங்களே கணக்காளருக்கு அனுப்புங்கள். சேவை பெற்ற 30 நாளுக்குள் சுய இன்வாய்ஸ் (விற்பவருக்குப் பதில் நீங்களே உங்கள் பெயரில் எழுதும் பில்) போட வேண்டும். மாத ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-3பி-யில் 3.1(டி) கட்டத்தில் தொகை ஏற வேண்டும், ஐஜிஎஸ்டி பத்தியில். சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று மத்திய, மாநிலப் பங்காகப் பிரித்துப் போட்டுவிட்டு அல்லாடுபவர்கள் உண்டு. கிரெடிட்டை 4(ஏ)(2)-ல் அதே மாதம் எடுக்கலாம்.

10,000 ரூபாய்ச் சந்தாவுக்கு வரி 1,800. கிரெடிட் லெட்ஜரில் லட்சம் கிடந்தாலும் இதைக் கேஷ் லெட்ஜரிலிருந்து, அதாவது ரொக்கமாகத்தான் கட்ட முடியும். வருடச் சந்தாவை மொத்தமாகக் கட்டினால் முழு வரியும் பணம் போன மாதத்துக்கே வரும். ஏபிஐ-க்கு (உங்கள் மென்பொருளை ஏஐ-யோடு இணைக்கும் வழி) முன்பணம் ஏற்றினாலும் அப்படியே, பயன்படுத்தாவிட்டாலும்.

விற்பனையில் சிறு விகிதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்பொசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு அடி பலம். விற்பனைக்கு 1% கட்டுகிறோம், இதற்கும் அவ்வளவுதான் என்று எண்ண வேண்டாம். முழு 18%, அந்தத் திட்டத்துக்கான சிஎம்பி-08 படிவத்தில் கட்ட வேண்டும், கிரெடிட் கிடையாது. சந்தா விலையை ஒப்பிடும்போதே இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பழைய மாதங்கள் விடுபட்டிருந்தால் நோட்டீஸுக்குக் காத்திருக்காதீர்கள். சுய இன்வாய்ஸ் போட்டு, இந்த மாத 3பி-யிலேயே வரியையும் 18% ஆண்டு வட்டியையும் கட்டுங்கள். வட்டி திரும்ப வராது. விடுபட்ட வரியைத் தானே முன்வந்து கட்டும் டிஆர்சி-03 படிவம் வழியாகக் கட்டச் சிலர் சொல்வார்கள். அப்படிக் கட்டினால் பிறகு கிரெடிட்டுக்கு வாதாடிக்கொண்டிருக்க நேரும். 'அந்த வருடத்து கிரெடிட் காலாவதி' என்று ஜிஎஸ்டி அலுவலகக் கவுண்டரில் கை விரித்தால், 2024 ஜூன் 26 தேதியிட்ட 211-ஆம் எண் ஜிஎஸ்டி சுற்றறிக்கையைக் குறிப்பிட்டு எழுதிக் கொடுங்கள். காலக்கெடு சுய இன்வாய்ஸ் போட்ட நிதியாண்டை வைத்துத்தான் ஓடும், அது முடிந்து வரும் நவம்பர் 30 வரை. வாய்வார்த்தையாகப் பேசித் திரும்பாதீர்கள். மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

பதிவே இல்லாத சின்னத் தொழில்காரரிடம் 'ஏஐ வாங்கினாலே ஜிஎஸ்டி எடுத்தாக வேண்டும்' என்று சொல்லிக் கட்டணம் கறக்கும் ஏஜென்டுகள் இருக்கிறார்கள். இந்தச் சந்தாவுக்காக மட்டும் பதிவு தேவையில்லை. வரியை வெளிநாட்டு நிறுவனம் பில்லிலேயே பிடித்துவிடுகிறது.